இத்தில்லிக்கிலிருந்து கூகாலுக் வரை ஒரு மணி பத்து நிமிடம்

வாக்குமூலம் தருபவர் பெயர்: பவ்லூசி இகுத்தாக். வயது: ஐம்பத்து மூன்று. தகப்பனார் பெயர்: நூவா இகுத்தாக், காலமானவர். விலாசம்: இத்தில்லிக் ஊர், விமானத் திடலுக்கு அடுத்த பச்சை வீடு. கதவு எண் கிடையாது, யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். நான் என் மொழியில் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் எடுத்துச் சொல்ல, கூகாலுக்கிலிருந்து வந்திருக்கும் காவலர் எழுதியது.

நான் மேற்கண்ட விலாசத்தில் மனைவியுடன் குடியிருந்து வருகிறேன். இத்தில்லிக் விமானத் திடலைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஓடுதளத்தில் விழும் பனியைத் தள்ளுவது, விளக்குப் போடுவது, காற்று எப்படி, எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது என்று விமானிக்கு ரேடியோவில் சொல்வது, பெட்டிகளை ஏற்றி இறக்குவது எல்லாம் நான் ஒருவனே. உதவிக்கு ஒரு ஆள் கேட்டு நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லை என்று காவலர் சொன்னார். சம்பந்தம் உண்டு, பின்னால் தெரியும்.

இரண்டு திடல்களுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் காவலர் கேட்டதால் அதை முதலில் சொல்கிறேன். எங்கள் திடலிலிருந்து கூகாலுக் திடல் நானூற்றுப் பத்து கிலோமீட்டர். ஆஸ்பத்திரி அங்கேதான் இருக்கிறது. விமானத்தில் ஒரு மணி பத்து நிமிடம். சாலை கிடையாது. கடல் உறைந்திருக்கும் காலத்தில் பனிவண்டியில் போகலாம், வழியில் மூன்று தூக்கமோ நான்கு தூக்கமோ ஆகும். எங்கள் ஆட்கள் தூரத்தை இத்தனை தூக்கம் என்றுதான் சொல்வார்கள். காற்று கிளம்பிவிட்டால் பத்துத் தூக்கமும் ஆகும். விமானத்துக்கும் அதே கதைதான், வானம் சம்மதித்தால் ஒரு மணி பத்து நிமிடம், சம்மதிக்காவிட்டால் கணக்கே கிடையாது. இருந்தாலும் யார் கேட்டாலும் ஒரு மணி பத்து நிமிடம் என்று சொல்லியே எனக்கு வாய் பழகிவிட்டது. ஊரில் இதை வைத்து என்னைக் கேலி செய்வார்கள். கல்யாணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறவனைப் பார்த்து, "இவன் கல்யாணம் பவ்லூசியோட ஒரு மணி பத்து நிமிஷம்தான்" என்பார்கள். இதையும் எழுதிக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை.

சம்பந்தப்பட்டவர்களை எனக்கு எப்படித் தெரியும் என்று காவலர் கேட்க, நான் சொல்வதாவது: உல்லூரியாக் என்பவர் என் அண்ணன் இனூகியின் மனைவி, எனக்கு அண்ணி. லியா என்பவள் காலஞ்சென்ற என் அக்காவின் மகள். லியாவின் புருஷன் தூரத்துச் சுரங்கமொன்றில் வேலை பார்க்கிறான், மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டான். இவர்களுக்கு எட்டு வயதில் ஒரு பெண் இருக்கிறாள். புகாரில் 'சிறுமி' என்று எழுதியிருப்பது அவளைத்தான். அவள் பெயரும் இனூகி.

அதே பெயர் எப்படி வந்தது என்று காவலர் கேட்டார். என் அண்ணன் இனூகிக்கு எட்டு வருடத்துக்கு முன் நெஞ்சுவலி வந்து கூகாலுக்குக்கு விமானத்தில் கொண்டுபோனார்கள். அந்த விமானத்தில் வேறொரு நோயாளியும் இருந்ததால் இடமில்லை என்று அண்ணியை ஏற்றவில்லை, அடுத்த விமானத்தில் வரலாம் என்றார்கள். அடுத்த விமானம் காற்றினால் ஒரு வாரம் வரவில்லை. அதற்குள் அண்ணன் இறந்துவிட்டார். பக்கத்தில் எங்கள் பேச்சுத் தெரிந்த ஒருவர்கூட இல்லை. அந்த மாதமே லியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அண்ணி போய்ப் பார்த்தபோது குழந்தை அவருடைய கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அதைப் பார்த்துவிட்டு அண்ணனின் பெயரையே வைத்தார்கள். எங்களில் பெயர் வந்தால் ஆளும் வந்ததாகத்தான் அர்த்தம். ஆணின் பெயரைப் பெண்ணுக்கு வைக்கலாம், பெண்ணின் பெயரை ஆணுக்கு வைக்கலாம், பெயருக்கு அந்த வித்தியாசம் கிடையாது. உறவுமுறையும் பெயரோடு கூடவே வந்துவிடும்.

ஆகவே அன்று முதல் அண்ணி அந்தப் பிள்ளையை 'எங்க வீட்டுக்காரர்' என்றுதான் சொல்வார். 'என்னங்க', 'வாங்க', 'சாப்பிடுங்க' என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவார். மான்கறி வெந்தால் முதல் துண்டு பிள்ளைக்கு. குளிர்காலத்துக்குக் காலணி தைத்தால் முதல் ஜோடி பிள்ளைக்கு. நான் பிள்ளையை 'அண்ணே' என்பேன். என் அண்ணன் லியாவுக்குத் தாய்மாமன் என்பதால், அவள் தான் பெற்ற பெண்ணையே 'மாமா' என்பாள். பிள்ளை என்னை 'தம்பி' என்று கூப்பிடும், கோபம் வந்தால் 'டேய்' என்றும் கூப்பிடும். என் அண்ணனும் அப்படித்தான். இதைச் சொன்னபோது மொழிபெயர்ப்பாளர் சிரித்தார், காவலர் சிரிக்கவில்லை. அவர் தெற்கிலிருந்து வந்தவர், அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

சம்பவ நாளன்று, அதாவது மார்ச் மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலையில், எங்கள் ஊர் மருத்துவ நிலையத்து நர்ஸ் எனக்குப் போன் செய்து, உல்லூரியாக்குக்கு வயிற்றில் குடல் அடைத்திருக்கிறது, இன்றைக்கே கூகாலுக் போயாக வேண்டும், விமானத்துக்குச் சொல்லியாயிற்று, மத்தியானம் வரும், ஆனால் அந்த அம்மா போக மறுக்கிறார் என்று சொல்லி என்னை வரச் சொன்னார். அதன் பிறகு நான் ஓடுதளத்தில் பனி தள்ளிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு மருத்துவ நிலையத்துக்குப் போனேன். அண்ணி கட்டிலில் சுருண்டு படுத்திருந்தார். நாலு நாளாக வலி இருந்திருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. முகம் மெழுகாக இருந்தது. பக்கத்தில் ஒரு முக்காலியில் பிள்ளை உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. லியா ஏரிக்கு மீன் பிடிக்கப் போனதால் பிள்ளையை அண்ணி வீட்டில் விட்டிருந்தாள். அவள் எப்போதும் அப்படித்தான் விடுவாள்.

நான் அண்ணியிடம், "அண்ணி, குடல் வெடிச்சிடுமாம், கிளம்புங்க" என்றேன்.

"வெடிக்கட்டும். சொந்த ஊருல வெடிக்கட்டும்."

"அங்க போனா அறுத்துச் சரி பண்ணிடுவாங்க."

"உங்க அண்ணனும் சரி பண்ணிக்கத்தான் போனார். தனியா போய்ச் சுவத்தைப் பார்த்துக்கிட்டே செத்தார். நான் தனியா போக மாட்டேன்."

"நான் வரேன் அண்ணி."

"நீ வந்தா விளக்கை யாரு போடுவா? உன் தாத்தனா? விமானம் எப்படி எறங்கும், எப்படி ஏறும்?"

உதவிக்கு ஆள் கேட்ட விஷயம் சம்பந்தமுள்ளது என்று நான் சொன்னது இதனால்தான். அதன் பிறகு என் மனைவி வருவதாகச் சொன்னாள், பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் வருவதாகச் சொன்னார்கள். அண்ணி எல்லோருக்கும் மூக்கைச் சுருக்கினார். மூக்கைச் சுருக்கினால் எங்களுக்கு 'இல்லை' என்று அர்த்தம். "வீட்டுக்காரர் வந்தா போறேன். இல்லேன்னா என்னை விட்டுடுங்க" என்றார்.

அப்போது பிள்ளை பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டு, "நான் வரேன். நீ ஊசி போட்டுக்கோ" என்றது.

அண்ணி கண்ணைத் திறந்து, "நெசமாவா? நீங்க வரீங்களா?" என்றார்.

"நான் எப்பவாவது உங்கிட்டப் பொய் சொல்லியிருக்கேனா?"

உடனே அண்ணி கையை நீட்டினார். நர்ஸ் ஊசி ஏற்றினார். ஒரு காலைப்பொழுது முழுக்க இத்தனை பேர் கெஞ்சி நடக்காதது அதோடு முடிந்தது.

லியாவுக்குத் தகவல் சொன்னீர்களா என்று காவலர் கேட்க, நான் சொல்வதாவது: ரேடியோவில் மூன்று தரம் கூப்பிட்டேன். ஏரி மலைக்கு அந்தப் பக்கம் இருப்பதால் இரைச்சல்தான் வந்தது. ஒரு ஆளைப் பனிவண்டியில் அனுப்பியிருந்தால் விமானம் வருவதற்குள் போய்த் திரும்பியிருக்கலாம், நேரம் இருந்தது. நான் அனுப்பவில்லை. அவள் சரி என்றுதான் சொல்லப் போகிறாள், இதற்கு எதற்கு ஆள் என்று நினைத்தேன். இதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

அதன் பிறகு விமானம் அனுப்பும் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. நர்ஸின் இரண்டு கையும் வேலையாக இருந்ததால் நான் எடுத்துப் பேசினேன். நோயாளியோடு துணைக்கு யார் வருகிறார் என்று ஒரு அம்மாள் கேட்டார். நான் "அவருடைய கணவர்" என்றேன். பெயர் கேட்டார், "இனூகி" என்றேன். சிறிய விமானம் என்பதால் எடை கேட்டார், உடுப்போடு சேர்த்து முப்பது கிலோ என்றேன். நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்து அந்த அம்மாள் தாமாகவே எண்பது என்று போட்டுக்கொண்டதாகப் பின்னால் தெரிந்தது. வயதை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எட்டு என்று சொல்லியிருப்பேன். ஏமாற்றும் எண்ணத்தோடு சொன்னீர்களா என்று காவலர் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் இல்லை என்றேன். அந்த நேரத்தில் எனக்கு வேறு சொல்லே தோன்றவில்லை. எட்டு வருடமாக ஊரே அப்படித்தான் சொல்கிறது. பக்கத்திலேயே நின்ற எங்கள் ஊர் நர்ஸுக்கும் உறுத்தவில்லை. அவர் வேலைக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அண்ணி பேச்சுக்குப் பேச்சு 'எங்க வீட்டுக்காரர்' என்று சொன்னதால், அந்த மனிதர் எங்கோ வேட்டைக்குப் போயிருக்கிறார், விமானம் வருவதற்குள் வந்துவிடுவார் என்று நினைத்தாராம்.

மத்தியானம் விமானம் வந்து இறங்கியது. மேற்கே வானமும் தரையும் ஒன்றாகிக்கொண்டு வந்தன. காற்று வருவதற்கு முன் அப்படித்தான் ஆகும். விமானத்தில் வந்த நர்ஸ் ஓர் இளைஞர். அண்ணியைப் படுக்கையோடு ஏற்றிவிட்டு என்னிடம் கணவர் எங்கே என்று கேட்டார். நான் பிள்ளையைக் காட்டினேன். பிள்ளை அண்ணியின் பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றது. அவர் பிள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெயர்முறையைப் பற்றி ஒரு வாக்கியத்தில் சொன்னேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அண்ணி உள்ளேயிருந்து பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, பிடியை விட்டால் இறங்கிவிடுவேன் என்று சத்தம் போட்டார். விமானி இயந்திரம் குளிர்ந்துபோகிறது, கதவைச் சாத்துங்கள் என்று கத்தினார். பிள்ளையின் தாயார் சம்மதித்தாரா என்று அந்த நர்ஸ் கேட்டார். நான், "மீன் பிடிக்கப் போயிருக்கிறாள், சரி என்றுதான் சொல்வாள், சாயங்காலம் வரும் தபால் விமானத்தில் பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள், ஒரு மணி பத்து நிமிடம்தானே" என்றேன். அவர் பிள்ளையை ஏற்றிக்கொண்டார். 'சரி என்றுதான் சொல்வாள்' என்பது என் வாயிலிருந்து வந்தது. அந்த இளைஞர்மேல் எந்தக் குற்றமும் போடக் கூடாது.

விமானம் ஏறி ஒரு மணி நேரம் கழிந்தபோது விமானி ரேடியோவில், கூகாலுக்கில் காற்று கிளம்பிவிட்டது, ஓடுதளம் தெரியவில்லை, மூடிக்கிடக்கும் பழைய சுரங்கத்தின் திடலில் இறங்கப் போகிறேன் என்றார். அதன் பிறகு எங்கள் திடலிலும் காற்று கிளம்பியது. என் வீட்டு விளக்கே எனக்குத் தெரியவில்லை.

அன்று பொழுது சாயும் நேரத்தில் லியா காற்றோடு போராடி ஊர் வந்து சேர்ந்து, நேராகத் திடலுக்கு வந்தாள். சறுக்குவண்டி நிறைய மீன் இருந்தது.

"சின்ன மாமா, மாமா எங்க? அத்தை வீடு சாத்திக் கெடக்கு" என்றாள்.

"அத்தைக்கு ஒடம்பு முடியல. கூகாலுக் போயிருக்காங்க."

"யாரு?"

"ரெண்டு பேரும்."

அவள் தலைமூடியைக் கழற்றினாள். "என் பொண்ணையா ஏத்தி அனுப்பின?" என்று கேட்டாள். பிள்ளை பிறந்த நாளிலிருந்து 'மாமா' என்றுதான் சொல்வாள், 'என் பொண்ணு' என்று அவள் வாயால் அன்றுதான் முதல் தடவை கேட்டேன்.

"தொணை இல்லாம போக மாட்டேன்னாங்க லியா."

"ஊருல இத்தனை பேரு இருக்கோம். தொணைக்கு எட்டு வயசுப் புள்ளைதான் கெடச்சுதா?"

"அவங்க கேட்டது வீட்டுக்காரரை."

"வீட்டுக்காரருக்கு இன்னும் பால்பல்லே விழுந்து முடியல, சின்ன மாமா!"

அதன் பிறகு பிள்ளை இப்போது எங்கே என்று கேட்டாள். சுரங்கத் திடல் என்றேன். அங்கே இரண்டு கொட்டகையும் ஒரு காவல்காரரும்தான் என்பது அவளுக்கும் தெரியும். வேறொன்றும் கேட்காமல் பயணிகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். வெளியே வண்டியில் மீன் அப்படியே கிடந்தது, நாய்கள் வந்து இழுத்தன. அவள் எழுந்திருக்கவில்லை. நான்தான் போய் விரட்டிவிட்டு, மீனைக் கொட்டகையில் எடுத்துவைத்தேன்.

அன்று முதல் லியா தினமும் காலையில் திடலுக்கு வந்து அதே பெஞ்சில் உட்காருவாள். நான் டீ கொடுப்பேன், குடிப்பாள். முகம் கொடுத்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

சுரங்கத் திடலில் நடந்தது எனக்கு நேரில் தெரியாது. அந்த இளைஞரும் பிள்ளையும் பின்னால் சொல்லக் கேட்டதைச் சொல்கிறேன். இரண்டு நாள் காற்று விடவில்லை. காவல்காரரின் கொட்டகையில் அண்ணியைப் படுக்கவைத்திருந்தார்கள். வயிற்றுக்குள் எதுவும் போகக் கூடாது என்பதால் பிள்ளை ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்து அண்ணியின் உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. வலி வரும்போதெல்லாம் அண்ணி, "என்னங்க, இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்பாராம். பிள்ளை, "பக்கத்துலதான். ஒரு மணி பத்து நிமிஷம்னு தம்பி சொன்னான்" என்று சொல்லுமாம். இரண்டாம் நாளும் அதே கேள்வி, அதே பதில். இது தேவையா என்று காவலர் கேட்டார். தேவை, எழுதுங்கள் என்றேன்.

அதன் பிறகு வியாழக்கிழமை காற்று குறைந்து கூகாலுக் போய்ச் சேர்ந்து, அன்றே அண்ணிக்கு அறுவை செய்தார்கள். உயிர் தப்பியது. அதன் பிறகு ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் குடும்பத்தைக் கவனிக்கும் அதிகாரி ஒரு பெண் எனக்குப் போன் செய்து, உல்லூரியாக்கின் கணவர் என்று ஒருவரை அனுப்பியிருக்கிறீர்களே, அவர் எங்கே என்று கேட்டார். "உங்கள் எதிரில்தான் நிற்கிறார்" என்றேன். அதன் பிறகு அவர் கேட்டதையெல்லாம் நான் திருப்பிச் சொல்ல விரும்பவில்லை. நான் பொய் சொல்லி ஒரு குழந்தையைக் கடத்தி அனுப்பியதாகப் புகார் கொடுத்தவர் அவர்தான். அந்தப் பிள்ளையை ஆஸ்பத்திரிப் பெஞ்சில் விடாமல் தன் வீட்டில் படுக்கை போட்டு வைத்துக்கொண்டவரும் அவர்தான். ஆகவே அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

லியாவே கூகாலுக் போயிருக்கலாமே என்று காவலர் கேட்டார். போக விமானம் எங்கே இருந்தது? அங்கே காற்று விட்டபோது எங்கள் பக்கம் பிடித்துக்கொண்டது. ஒரு திடல் திறந்தால் மறு திடல் மூடும். அந்த வாரம் முழுக்க எங்கள் ஓடுதளத்தில் ஒரு சக்கரம் படவில்லை. தினமும் போனில் பிள்ளையோடு பேசுவாள். போன் என் மேஜையில் இருந்ததால் நான் எழுந்து வெளியே போய் நிற்பேன்.

அடுத்த திங்கட்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் பேசினார். அண்ணியின் குடலில் ஒரு கட்டி இருக்கிறது, தெற்கே பெரிய நகரத்துக்குக் கொண்டுபோக வேண்டும், நாலைந்து மாத வைத்தியம், கூகாலுக்கிலிருந்து மறுநாள் விமானம் இருக்கிறது, ஆனால் அந்த அம்மா கணவர் வராமல் போக மாட்டேன் என்கிறார், குழந்தையை அங்கே அனுப்ப முடியாது, நீங்கள் சொல்லிப் பாருங்கள் என்றார். அதன் பிறகு அண்ணியின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே போனை வைத்தார்கள். நானும் இங்கே எல்லோருக்கும் கேட்கிறபடி வைத்தேன். லியா பெஞ்சில் இருந்தாள்.

முதலில் பிள்ளைதான் பேசியது. "தம்பி, அவ கேக்க மாட்டேங்கறா. நான் என்னடா பண்ணட்டும்?"

போகச் சொன்னால் அண்ணி தனியாகப் போக வேண்டும், வேண்டாமென்றால் செத்துப்போவார். இதை எட்டு வயசுப் பிள்ளையிடம் நான் எப்படிச் சொல்வேன். அப்போது லியா எழுந்து வந்து என் கையிலிருந்த போனை வாங்கினாள்.

"மாமா, அம்மா பேசறேன். நீங்க சொன்னாத்தான் அவங்க கேப்பாங்க. போகச் சொல்லுங்க. நீங்க வீட்டுக்கு வாங்க."

அதன் பிறகு பிள்ளை போனைவிட்டுத் திரும்பி அண்ணியிடம் சொன்னது எங்களுக்குக் கேட்டது. "இவளே, நீ போ. நான் ஊருல இருக்கேன். எங்கயும் போக மாட்டேன். நீ வந்ததும் திங்க மீன் வச்சிருப்பேன். போயிட்டு வா."

அண்ணி அழுதார். அதன் பிறகு, "சரிங்க. நீங்க சொன்னா சரி" என்றார்.

லியா போனை என் கையில் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலேயே வெளியே போனாள்.

அதன் பிறகு வியாழக்கிழமை எங்கள் வானம் திறந்தது. தபால் விமானத்தில் பிள்ளை வந்தது. படியிறங்கி, தாயைப் பார்க்காதது போல நேராக என்னிடம் நடந்து வந்து நின்றது.

"தம்பி, அவளை அனுப்பிட்டேன். ஜன்னல் ஓரமா எடம் குடுக்கச் சொன்னேன். குடுத்தாங்க."

"சரி அண்ணே. நல்லது பண்ணீங்க."

"அவ அழுதா. நான் அழல."

"தெரியும் அண்ணே."

அதைச் சொல்லி முடிக்கிறவரை வாயை இறுக்கி வைத்திருந்தது. அதன் பிறகு திரும்பி "அம்மா" என்று கத்திக்கொண்டு ஓடியது. "எனக்கு அங்க சாப்பாடே புடிக்கல, எனக்குப் பசிக்குது, எனக்குப் பயமா இருந்துச்சு" என்று லியாவின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதது. லியா மேலுடுப்பைத் திறந்து பிள்ளையை உள்ளே இழுத்து மூடிக்கொண்டாள். பிள்ளையின் காலணிகள் மட்டும் வெளியே தெரிந்தன. நான் பெட்டிகளை இறக்கப் போனேன். எனக்கும் கண் தெரியவில்லை.

திரும்பி வந்தபோது லியா அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். "சின்ன மாமா" என்றாள். பத்து நாளுக்குப் பிறகு என்னை அப்படிக் கூப்பிட்டாள்.

"சொல்லு" என்றேன்.

"மலைக்கு அந்தப் பக்கம்தான இருந்தேன். ஒரு ஆளை அனுப்பிக் கேட்டிருக்கலாம்ல?"

"அனுப்பியிருக்கலாம்."

"கேட்டிருந்தா நான் வேணாம்னு சொல்லியிருக்க மாட்டேன். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது."

சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

என் மேல் இரண்டு குற்றம் சொல்லப்பட்டிருக்கிறது. கணவர் என்று பொய் சொன்னேன் என்பது முதலாவது. அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. நாளை யாராவது கேட்டாலும் அப்படியேதான் சொல்வேன், வயதையும் சேர்த்துச் சொல்வேன். பெற்றவளைக் கேட்காமல் பிள்ளையை ஏற்றி அனுப்பினேன் என்பது இரண்டாவது. அது உண்மை. லியா அப்படிச் சொன்ன பிறகு, அது குற்றம் என்று எனக்கு எந்த நீதிபதியும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கொடுக்கிற தண்டனையை வாங்கிக்கொள்கிறேன்.

மேலே எழுதியிருப்பதை மொழிபெயர்ப்பாளர் எனக்கு என் மொழியில் வாசித்துக் காட்டினார். நான் சொன்னதில் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. யாருடைய மிரட்டலுக்கும் பயந்து சொன்னதல்ல. என் அறிவுக்கு எட்டியவரை அத்தனையும் நடந்தபடியே சொன்னேன் என்று கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
பவ்லூசி இகுத்தாக்
இத்தில்லிக் விமானத் திடல்